அமெரிக்க உள்நாட்டுப் போருக்குக் காரணம் அடிமை முறையா, மாநில உரிமையா?

காவிரிக்கரை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி வாசிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது. தென் மாநிலங்கள் பிரிந்துபோனது மாநில உரிமைக்காகவும் சுங்க வரிக்காகவும்தான், அடிமை முறை என்பது வென்றவர்கள் பிற்பாடு ஒட்டவைத்த காரணம் என்று ஒரு தரப்பு எழுதுகிறது. அவர்கள் காட்டும் சான்று எளிதில் தள்ளிவிடக்கூடியதும் அல்ல. 1861 மார்ச் 4 அன்று குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது லிங்கன், அடிமை முறை ஏற்கெனவே இருக்கும் மாநிலங்களில் அதில் தலையிடும் எண்ணம் தனக்கு இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்படியானால், அவர் பதவியேற்பதற்கு முன்பே ஏழு மாநிலங்கள் ஏன் வெளியேறின? நாட்டையே உடைக்கத் துணிந்தவர்கள் எதைக் கண்டு அவ்வளவு அஞ்சினார்கள்?

ஆழமாக வாசித்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய ஏடு எழுதியது:

காவிரிக்கரை அவர்களே, ஏன் பிரிந்தோம் என்பதைப் பிரிந்துபோனவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். நாம் ஊகிக்கத் தேவையே இல்லை.

1860 டிசம்பர் 20 அன்று முதலில் வெளியேறியது தென் கரோலினா. நான்கு நாள் கழித்து அது ஏற்றுக்கொண்ட காரண விளக்க அறிக்கையில் சுங்க வரி பற்றி ஒரு வரிகூட இல்லை. தப்பியோடும் அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தர மறுக்கின்றன, அடிமை முறையைப் பாவம் என்று பழிக்கின்றன, அதற்குப் பகைவரான ஒருவரைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டன: புகார்கள் இவைதாம். மிசிசிப்பி இன்னும் வெளிப்படை. தன் நிலைப்பாடு அடிமை முறையோடு, அதாவது உலகின் மிகப் பெரிய பொருளாதார நலனோடு, முற்றிலும் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென் கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசியதையும் படியுங்கள். கறுப்பர் வெள்ளையருக்குச் சமமானவர் அல்லர், அடிமைத்தனமே அவருக்கு இயல்பான நிலை என்ற கருத்தே தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்று கூட்டத்தின் முன் அறிவித்தார்.

மாநில உரிமை வாதத்தை அவர்களுடைய அரசியல் சட்டமே உடைக்கிறது. அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் சட்டம் எதையும் தங்கள் காங்கிரஸ், அதாவது நாடாளுமன்றம், இயற்றக்கூடாது என்று அது தடை விதித்தது. ஒரு மாநிலத்தார் தம் அடிமைகளோடு வேறு எந்த உறுப்பு மாநிலத்துக்கும் சென்று தங்கலாம் என்றும் எழுதியது. அடிமைகளோடு வருபவரை எல்லையில் நிறுத்தும் உரிமை எந்த மாநிலத்துக்கும் இல்லை என்பதுதானே இதன் பொருள்?

சுங்க வரியைப் பொறுத்தவரை, 1857ஆம் ஆண்டுச் சட்டம் வரியைக் குறைத்தது. அதற்குத் தென்னவர்களின் ஆதரவும் இருந்தது. வரியை உயர்த்திய 1861ஆம் ஆண்டுச் சட்டம் காங்கிரசின் மேலவையான செனட்டில் நிறைவேறியதோ, தென் மாநிலங்களின் உறுப்பினர்கள் பலர் எழுந்து போய்விட்ட பிறகுதான்.

தென்றல்72 எழுதியது:

பழைய ஏடு ஐயா காட்டிய ஆவணங்களை மறுக்கவில்லை. ஆனால் கதையை இவ்வளவு நேராக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து.

முதலாவது, 1832இல் இதே தென் கரோலினா கூட்டாட்சிச் சுங்க வரிச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தது. படையைப் பயன்படுத்தவும் தயங்கமாட்டேன் என்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் எச்சரித்தார். ஆகவே மாநில உரிமை 1860இல் திடீரென முளைத்த பேச்சு அல்ல. இரண்டாவது, தெற்கில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளையர் குடும்பங்களிடம் அடிமைகளே கிடையாது. அவர்கள் யாருடைய சொத்துக்காகச் செத்தார்கள்? மூன்றாவது, வடக்கு எந்த வகையில் தூய்மையானது? கறுப்பர் குடியேறக் கூடாது என்று இந்தியானா 1851இல் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதியது. இல்லினாய் 1853இல் சட்டம் போட்டது. லிங்கன் படை திரட்டியது ஒன்றியத்தை, அதாவது நாடு உடையாமல், காக்க. அடிமைகளை விடுவிக்க அல்ல. வென்றவர்கள் தமக்குப் பிற்பாடு சூட்டிக்கொண்ட மாலையை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

பழைய ஏடு எழுதியது:

தென்றல்72 அவர்களே, நீங்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிவிட்டீர்கள். தெற்கு ஏன் பிரிந்தது என்பது ஒன்று. வடக்கு ஏன் அதைப் பிரிய விடவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவதில் நீங்கள் சொல்வது பெருமளவு சரி. 1861இல் வடக்கு போருக்குப் போனது ஒன்றியத்துக்காகத்தான். ஆனால் அதை வைத்து முதல் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

முகில் எழுதியது:

இந்த விவாதங்களில் எப்போதும் லிங்கன், டக்ளஸ், ஜாக்சன் என்றே பேசுகிறோம். அடிமைப்படுத்தப்பட்டவர்கள் ஏதோ ஓரமாக நின்று தீர்ப்புக்குக் காத்திருந்ததுபோல ஆகிவிடுகிறது. இந்த அரசியல் நெருக்கடியை மூட்டியவர்களே அவர்கள்தாம் என்பேன். தென் கரோலினாவின் முதன்மைப் புகாரைக் கவனியுங்கள். தப்பியோடியவர்களைப் பிடித்துத் தரவில்லை என்பதுதான் அது. அவர்கள் ஓடாமல் இருந்திருந்தால் அந்தப் புகாரே இல்லை.

தப்பியோடியவரைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி 1787ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே உண்டு. வட மாநிலங்கள் அதை மெத்தனமாக நடத்தின. ஆகவே வடக்கும் தெற்கும் 1850இல் செய்துகொண்ட உடன்பாட்டில் தெற்கு ஒரு கடுமையான சட்டத்தைக் கேட்டு வாங்கியது. அதன் விதிகளைப் படித்தால் இன்றும் வயிறு எரிகிறது. பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது. தன் தரப்பில் சாட்சி சொல்லும் உரிமையும் கிடையாது. விசாரிக்கும் ஆணையர், அவரை அடிமை என்று திருப்பி அனுப்பினால் கூலி 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். தப்ப உதவியவருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும். வழியில் போகும் எந்தக் குடிமகனையும் பிடிக்க உதவு என்று கூட்டாட்சி அதிகாரி ஆணையிடலாம்.

1854 மே மாதம் பாஸ்டன் நகரில் அந்தோணி பர்ன்ஸ் என்ற இளைஞர் பிடிபட்டார். வர்ஜீனியாவிலிருந்து தப்பி வந்து ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். நீதிமன்றக் கதவை உடைத்து அவரை மீட்க ஒரு கூட்டம் முயன்றது. காவலர் ஒருவர் உயிரிழந்தார். கடைசியில், ஜூன் 2 அன்று, படைவீரர்களும் பீரங்கியும் சூழ அவரைத் துறைமுகத்துக்கு நடத்திச் சென்றார்கள். தெருவின் இருமருங்கிலும் பல்லாயிரம் பேர் நின்றார்கள். கட்டடங்களில் கறுப்புத் துணி தொங்கியது. அதுவரை அடிமை முறையைத் தொலைதூரச் செய்தியாக நினைத்திருந்த வணிகர்களும் வழக்கறிஞர்களும், தங்கள் வரிப்பணத்தில், தங்கள் தெருவில், ஒரு மனிதனைச் சங்கிலிக்குத் திருப்பி அனுப்புவதைக் கண்ணால் கண்டார்கள். மறு ஆண்டே நன்கொடை திரட்டி அவருடைய விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது மாநில உரிமைக்கு வருவோம். வட மாநிலங்கள் தம் குடிமக்களைக் காக்கத் தனிச் சட்டங்கள் இயற்றின. விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 1850ஆம் ஆண்டுச் சட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றே தீர்ப்பளித்தது. அதைச் செல்லாதென்று 1859இல் ரத்து செய்தது கூட்டாட்சியின் உச்ச நீதிமன்றம். அந்தப் பத்தாண்டில் மாநில உரிமையைத் தூக்கிப் பிடித்தது விஸ்கான்சின். கூட்டாட்சியின் கை எல்லா ஊர்களுக்கும் நீள வேண்டும் என்று கேட்டது தெற்கு.

கரிசல் எழுதியது:

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. மிசிசிப்பி சொன்ன "உலகின் மிகப் பெரிய பொருளாதார நலன்" வெற்றுப் பெருமை அல்ல.

1790இல் அமெரிக்காவில் அடிமைகள் ஏறத்தாழ 7 லட்சம். 1860இல் ஏறத்தாழ 39.5 லட்சம். நடுவில் நடந்தது பருத்தி. எலி விட்னி 1793இல் உருவாக்கிய அரைவை இயந்திரம் குட்டை இழைப் பருத்தியின் கொட்டையை வேகமாகப் பிரித்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகள் எவ்வளவு அனுப்பினாலும் வாங்கின. 1808இல் வெளிநாட்டு அடிமை வணிகம் தடைசெய்யப்பட்டாலும் உள்நாட்டுச் சந்தை கொழித்தது. வர்ஜீனியா, மேரிலாந்து பக்கத்திலிருந்து சுமார் பத்து லட்சம் பேர் தெற்கே, மேற்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். போருக்கு முன் அமெரிக்க ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்திதான். அடிமைகளின் சந்தை மதிப்பு ஏறத்தாழ 300 கோடி டாலர். நாட்டின் ரயில் பாதைகளிலும் தொழிற்சாலைகளிலும் போட்ட முதலீட்டைக் கூட்டினாலும் அவ்வளவு வராது. பருத்தியே அரசன், அதன்மேல் போர் தொடுக்க எந்த வல்லரசும் துணியாது என்று தென் கரோலினாவின் ஜேம்ஸ் ஹேமண்ட் 1858இல் செனட்டில் முழங்கியது இந்தக் கணக்கை நம்பித்தான்.

தென்றல்72 கேட்ட கேள்விக்கும் இதில் பாதி விடை இருக்கிறது. தெற்கு முழுவதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அடிமை உடைமையாளர் சிறுபான்மை. தென் கரோலினாவையும் மிசிசிப்பியையும் தனியே எடுத்தால் வெள்ளையர் குடும்பங்களில் கிட்டத்தட்டப் பாதி. அவ்விரு மாநிலங்களிலும் மக்கள்தொகையில் பெரும்பான்மையினர் அடிமைகள். முதலில் வெளியேறியவை அவ்விரண்டும்தான். அடிமை வாங்க வசதியில்லாத வெள்ளையரும் என்றாவது வாங்கலாம் என்று கனவு கண்டார்கள். அதற்கும் மேலாக, கறுப்பர்கள் தமக்குச் சமமாகிவிடும் நாளை அஞ்சினார்கள். எவ்வளவு ஏழையானாலும் தமக்குக் கீழே ஒரு சாதி உண்டு என்ற நிம்மதியை அவர்களுக்குத் தந்தது அந்த அமைப்பு.

எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்று. போரில் தென் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதும் லங்காஷயர் இந்தியப் பருத்தியை நாடியது. திருநெல்வேலிக் கரிசல் காட்டுப் பருத்திக்கும் விலை ஏறியது. தூத்துக்குடி வழியே மூட்டைகள் போயின. போர் முடிந்ததும் விலை சரிந்தது.

காவிரிக்கரை எழுதியது:

மிகவும் நன்றி. இன்னொன்று புரியவில்லை. பருத்தி விளையும் நிலம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதில் கைவைக்க மாட்டேன் என்று லிங்கனும் சொல்லிவிட்டார். பிறகு கேன்சஸ் போன்ற புல்வெளிப் பகுதிக்காக ஏன் அவ்வளவு ரத்தம் சிந்தினார்கள்?

எல்லைக்கோடு எழுதியது:

செனட்டுக்காக. இதுதான் என் நேரடி விடை.

பிரதிநிதிகள் சபையில் இடங்கள் மக்கள்தொகைப்படி. அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைக் கணக்கில் சேர்த்துத் தெற்கு கூடுதல் இடங்கள் பெற்றும்கூட, குடியேறிகள் குவிந்த வடக்கு முந்திக்கொண்டே போனது. செனட்டில் மட்டும் எந்த மாநிலத்துக்கும் இரண்டே இடம். 1819இல் அடிமை மாநிலங்கள் 11, அடிமை முறை இல்லாதவை 11. மிசௌரி உள்ளே வரக் கேட்டதும் சமநிலை ஆடியது. 1820இல் மிசௌரியை அடிமை மாநிலமாகவும் மெய்னை அடிமை முறை இல்லாத மாநிலமாகவும் சேர்த்து, பிரான்சிடமிருந்து லூசியானா என்ற பெயரில் வாங்கிய நிலத்தில் மிசௌரி நீங்கலாக 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று வகுத்தார்கள். முதுமையில் இருந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ஜெபர்சன், நள்ளிரவில் ஒலித்த தீ எச்சரிக்கை மணிபோல இது தன்னைத் திகிலால் நிரப்பியது என்று கடிதம் எழுதினார். நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்த மனிதர் அவர். ஆபத்தைக் கண்டுகொண்டும் தம் பண்ணையை அவர் மாற்றவில்லை.

அந்தக் கோடு முப்பதாண்டு ஓரளவு தாங்கியது. 1848இல் மெக்சிகோவிடமிருந்து பெருநிலப்பரப்பைப் பிடுங்கியதும் அது போதவில்லை. அந்த நிலத்தில் அடிமை முறை கூடாது என்று டேவிட் வில்மட் 1846இலேயே கொண்டுவந்த திருத்தம் கீழவையில் நிறைவேறி, செனட்டில் தோற்றது. வாக்குகள் கட்சிவாரியாகப் பிரியாமல் வடக்கு, தெற்கு என்று பிரிந்தன. என்னைக் கேட்டால் போரின் வரைபடம் அன்றே வரையப்பட்டுவிட்டது. 1850இல் கலிஃபோர்னியா அடிமை முறை இல்லாமல் சேர்ந்ததும் கணக்கு 16க்கு 15 ஆனது. தெற்குக்கு இனி ஒவ்வொரு புதிய மாநிலமும் உயிர்ப் பிரச்சினை.

1854இல் இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கேன்சஸ்–நெப்ராஸ்கா சட்டத்தைக் கொண்டுவந்தார். 1820இல் வகுத்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டு, அங்கே குடியேறுபவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றார். கேட்பதற்கு மக்களாட்சி. நடந்ததைப் பாருங்கள். 1855 மார்ச்சில் கேன்சஸ் சட்டமன்றத் தேர்தல். கணக்கெடுப்பின்படி வாக்காளர்கள் சுமார் 2,900 பேர். விழுந்த வாக்குகள் 6,300. ஆயுதங்களோடு மிசௌரியிலிருந்து ஆற்றைக் கடந்து வந்து குத்திவிட்டுத் திரும்பிப் போனார்கள். அப்படி அமைந்த சட்டமன்றம், இங்கே அடிமை வைத்திருக்க உரிமை இல்லை என்று பேசினாலோ எழுதினாலோ சிறை என்று சட்டம் இயற்றியது. எதிர்த் தரப்பு தனி அரசு ஒன்றை அமைத்துக்கொண்டது. ஒரே மண்ணில் இரண்டு சட்டமன்றங்கள்!

1856 மே மாதத்தின் நான்கு நாள்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 21ஆம் தேதி, அடிமை முறை ஆதரவுக் கும்பல் லாரன்ஸ் நகருக்குள் புகுந்து, விடுதியைத் தகர்த்து, செய்தித்தாள் அச்சகங்களை நாசமாக்கியது. 22ஆம் தேதி, கேன்சஸ் அநீதியைக் கண்டித்துப் பேசியிருந்த மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னரை, தென் கரோலினாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ் செனட் அவையிலேயே கைத்தடியால் மண்டை பிளக்க அடித்தார். 24ஆம் தேதி இரவு, அடிமை முறையைத் தீவிரமாக எதிர்த்த ஜான் பிரௌனும் அவர் ஆட்களும் பொட்டவாட்டமி ஓடையருகே ஐந்து பேரை வீடுகளிலிருந்து இழுத்து வந்து வெட்டிக் கொன்றார்கள். சம்னர் மீண்டும் அவைக்கு முறையாக வர மூன்று ஆண்டுக்கு மேல் ஆனது. மாசசூசெட்ஸ் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்து, அந்த வெற்று நாற்காலியை நாடு பார்க்கட்டும் என்று விட்டுவைத்தது. புரூக்ஸ் பதவி விலகி மறுபடி வென்றார். தெற்கிலிருந்து அவருக்குப் புதுக் கைத்தடிகள் பரிசாக வந்தன. அடித்தவனை ஒரு பாதி நாடு கொண்டாடியது என்பதுதான் அடியைவிடப் பெரிய செய்தி.

தென்றல்72 எழுதியது:

கேன்சஸ் விளக்கம் அருமை. ஆனால் ஜான் பிரௌன் செய்தது கொலை. அந்த மனிதர் 1859இல் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றப் போனபோது, வடக்கில் பலர் அவரைத் தியாகி என்று பாடினார்கள். தெற்கு பயந்ததில் என்ன வியப்பு? இரு பக்கத்துத் தீவிரவாதிகளும் நடுவழியை அடைத்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். 1860 டிசம்பரில் செனட்டர் கிரிட்டெண்டன் முன்வைத்த சமரசத்தை லிங்கன் ஏற்றிருந்தால்? பிரிட்டன் செய்ததுபோல உடைமையாளருக்கு இழப்பீடு கொடுத்து விடுவித்திருந்தால்? லட்சக்கணக்கான உயிர்கள் மிஞ்சியிருக்குமே.

பழைய ஏடு எழுதியது:

பொட்டவாட்டமியில் நடந்தது கொலை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் நடுவழியை அடைத்தது பிரௌன் அல்ல. உச்ச நீதிமன்றம்.

ட்ரெட் ஸ்காட் என்ற அடிமையைத் தம்முடன் அழைத்துப்போன உடைமையாளர், அடிமை முறை இல்லாத இல்லினாய் மாநிலத்திலும் விஸ்கான்சின் பகுதியிலும் அவரை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார். அந்த அடிப்படையில் விடுதலை கோரி 1846இல் ஸ்காட் வழக்குத் தொடுத்தார். 1857 மார்ச் 6 அன்று தலைமை நீதிபதி ரோஜர் டானி தீர்ப்பை வாசித்தார். கறுப்பர் அமெரிக்கக் குடிமகன் ஆக முடியாது. இன்னும் மாநிலமாகாத ஆட்சிப்பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்கக் காங்கிரசுக்கு அதிகாரமே இல்லை. இதில், அடிமை முறை புதிய பகுதிகளுக்குப் பரவக் கூடாது என்ற லிங்கனின் குடியரசுக் கட்சியின் அடிப்படைக் கொள்கை சட்டவிரோதம் ஆனது. டக்ளஸின் 'குடியேறிகளே முடிவு செய்யட்டும்' என்பதும் ஆட்டம் கண்டது. சமரசத்துக்கென்று இருந்த இரண்டு பாதைகளும் ஒரே நாளில் போயின.

1860 ஏப்ரலில் சார்ல்ஸ்டனில் ஜனநாயகக் கட்சி மாநாடு. ஆட்சிப்பகுதிகளில் அடிமை உடைமையைக் கூட்டாட்சி அரசே காக்க வேண்டும் என்று கட்சி அறிவிக்கக் கேட்டார்கள் தென் பிரதிநிதிகள். கிடைக்கவில்லை. வெளிநடப்பு. கட்சி இரண்டானது. வாக்குகள் நான்காகச் சிதற, சுமார் 40 விழுக்காடு வாக்கில் லிங்கன், குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்களின் 180 வாக்குகளோடு வென்றார். தெற்கில் பத்து மாநிலங்களில் அவர் பெயருக்கு வாக்குச்சீட்டே அச்சாகவில்லை. தெற்கின் ஒரு வாக்கும் இல்லாமல் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று தெரிந்துபோனது. காவிரிக்கரை முதலில் கேட்டாரே, எதைக் கண்டு அஞ்சினார்கள் என்று. இந்தக் கணக்கைக் கண்டுதான்.

கிரிட்டெண்டன் திட்டம் 1820இன் பழைய எல்லைக்கோட்டைக் கலிஃபோர்னியா எல்லை வரை நீட்டியதோடு நிற்கவில்லை. இனிமேல் சேர்க்கப்படும் நிலத்துக்கும் அது பொருந்தும் என்றது. கியூபாவை வாங்கவோ பறிக்கவோ தெற்கு துடித்துக்கொண்டிருந்த காலம் அது. கோட்டுக்குத் தெற்கே பிடிக்கும் ஒவ்வொரு நிலமும் அடிமை நிலம் என்று முன்கூட்டியே எழுதித் தருவதைச் சமரசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த டிசம்பரில் லிங்கன் தம் பழைய நண்பர் ஸ்டீவன்சுக்கு எழுதினார்: அடிமை முறை சரி, அது பரவ வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அது தவறு, அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம், சிக்கல் இதுதான். மேலே சொன்ன சவானா உரையை ஆற்றிய அதே ஸ்டீவன்ஸ்தான்.

கரிசல் எழுதியது:

இழப்பீடு பற்றி ஒரு சொல். 1833ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டன் 2 கோடி பவுண்டு கொடுத்தது. அடிமைகளுக்கு அல்ல, உடைமையாளர்களுக்கு. மொரீசியஸ் கரும்புத் தோட்ட முதலாளிகள் அதை வாங்கிக்கொண்டு, அடுத்த கூலியாள்களாக ஒப்பந்தத்தில் ஏற்றிச் சென்றவர்களில் நம் தமிழர்களும் இருந்தார்கள். அமெரிக்காவிலோ தொகை 300 கோடி டாலர். கூட்டாட்சி அரசின் ஆண்டுச் செலவு 10 கோடியைக்கூட எட்டாத காலம்.

லிங்கன் முயலாமலும் இல்லை. டெலவேர் மாநிலத்தில் அடிமைகள் 1,800க்கும் குறைவு. கூட்டாட்சி நிதியில் இழப்பீடு கொடுத்துப் படிப்படியாக விடுவிக்கலாம் என்று 1861 இறுதியில் அதற்கு வழி காட்டினார். டெலவேர் ஏற்கவில்லை. அடிமை முறையை ஒழித்த 13ஆம் திருத்தத்துக்கு அது ஒப்புதல் தந்தது 1901இல்! அவ்வளவு சிறிய இடத்திலேயே விலைபேச முடியவில்லை என்றால் மிசிசிப்பியில் எப்படி?

தென்றல்72 எழுதியது:

டெலவேர் செய்தி எனக்குப் புதிது, கரிசல் அவர்களே. பிரிவினைக்கு அடிமை முறையே காரணம் என்பதில் இனி எனக்கு வாதம் இல்லை. ஆனால் வடக்கின் நோக்கம் பற்றி நான் சொன்னதில் நிற்கிறேன். 1861 மார்ச்சில், மாநிலங்களில் உள்ள அடிமை முறையைக் கூட்டாட்சி என்றும் தொடக் கூடாது என்ற திருத்தத்தை அதே காங்கிரஸ் நிறைவேற்றியதே. போரின் நோக்கம் எப்போது மாறியது?

முகில் எழுதியது:

1861 மே 23 இரவு என்பேன். வர்ஜீனியா பிரிவினையை வாக்கெடுப்பில் உறுதிசெய்த நாள். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள், கூட்டமைப்புப் படைக்கு அரண் கட்டும் வேலையிலிருந்து தப்பி, படகில் ஏறி ஒன்றியப் படையின் மன்ரோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். யாரும் அவர்களை அழைக்கவில்லை.

மறுநாள் உடைமையாளர் சார்பில் ஓர் அதிகாரி வந்து, 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களைத் திருப்பித் தரும்படி கேட்டார். தளபதி பெஞ்சமின் பட்லர் வழக்கறிஞர். நீங்கள் அந்நிய நாடு என்று சொல்லிக்கொள்கிறீர்கள், அந்நிய நாட்டுக்கு அமெரிக்கச் சட்டம் பொருந்தாது என்று மறுத்துவிட்டார். போரில் எதிரிக்குப் பயன்படும் பொருளைக் கைப்பற்றும் விதியின்கீழ் மூவரையும் வைத்துக்கொண்டார். அவரும் அவர்களை மனிதர்களாக அல்ல, பொருளாகத்தான் எழுதினார் என்பது உங்கள் வாதத்துக்கு வலுச் சேர்க்கும், தென்றல்72. ஆனால் செய்தி பரவியதும் நூற்றுக்கணக்கானோர் குடும்பம் குடும்பமாக அந்தக் கோட்டைக்கு வந்தார்கள். ஆகஸ்டில் காங்கிரஸ் அதற்கேற்பச் சட்டம் இயற்றியது. 1863 ஜனவரி 1 அன்று, கிளர்ச்சிப் பகுதிகளின் அடிமைகள் விடுதலை பெற்றவர்கள் என்று அறிவித்த லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1.8 லட்சம் கறுப்பர்கள் ஒன்றியப் படையில் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நான்கு ஆண்டுக்கு முன் அடிமைகளாக இருந்தவர்கள்.